போர்ட்டலில் ஏதோ மாறியிருக்கிறது. சீட் கிடைத்துவிட்டது என்று அர்த்தமா?

கோவையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் 12-ஆம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு 9 கல்லூரிகளில் விண்ணப்பித்திருக்கிறான். முடிவு மார்ச் கடைசியில்தான் வரும். ஆனால் பிப்ரவரி பிறந்ததிலிருந்து ராத்திரி 2 மணி வரை ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டலாக, அதாவது விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கமாக, திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு கல்லூரியில் இதுவரை இருந்த செக்லிஸ்ட் (எந்தெந்த ஆவணம் வந்திருக்கிறது, எது வரவில்லை என்ற பட்டியல்) திடீரென்று மறைந்துவிட்டது. இன்னொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகம் அப்பாவின் ஃபார்ம் 16-ஐக் கேட்டிருக்கிறது. இரண்டுமே சீட் கிடைத்ததற்கு அடையாளம் என்கிறார்களாம் நண்பர்கள். இது உண்மையா, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா, அவனுடைய அப்பா கல்லூரிக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமா என்பது கேள்வி.

அமெரிக்காவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்தில், கோப்புகளையும் கணினிப் பதிவுகளையும் கவனிக்கும் பிரிவில் 6 வருடம் வேலை செய்தேன். விண்ணப்பத்தைப் படித்து முடிவு சொல்வது என் வேலை இல்லை. அந்த முடிவு மாணவனின் திரைக்குப் போய்ச் சேரும் வரை நடக்கிற வேலைகள்தான் என்னுடையவை. உங்கள் பையன் ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியான பக்கங்களைப் பராமரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செக்லிஸ்ட் மறைந்ததற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஃபார்ம் 16 கேட்டதற்கு அர்த்தம் இருக்கிறது, ஆனால் நண்பர்கள் சொல்லும் அர்த்தம் இல்லை.

நம் ஊரில் இந்தத் தவிப்பு ஏன் இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நமக்குக் கணக்குப் போட்டுப் பழக்கம். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் என்றால் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்தால், மதிப்பெண் வந்த அன்றே எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று வீட்டில் உட்கார்ந்தே ஓரளவு சொல்லிவிடலாம். அமெரிக்கக் கல்லூரிகளில், அதுவும் நூறு பேரில் நான்கைந்து பேரை மட்டும் எடுக்கிற இடங்களில், அப்படி ஒரு எண்ணே கிடையாது. மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள், எந்த ஊர், எந்தப் பள்ளி, எந்தத் துறை, எவ்வளவு நிதியுதவி வேண்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கணக்குப் போட வழியில்லாத இடத்தில் பிள்ளைகள் சகுனம் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். அவர்களே இதற்கு ‘போர்ட்டல் ஜோசியம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிப்ரவரியில் கசிவதற்குப் பெரும்பாலும் முடிவே இருக்காது. ஜனவரி முதல் வாரத்தில் வந்து குவிகிற விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் படித்து, அப்புறம் கமிட்டியில் வைத்துப் பேசி, சேர்க்கலாம், வேண்டாம், காத்திருப்போர் பட்டியல் என்று ஒரு குறியீடு போடுவார்கள். அந்தக் குறியீடு தற்காலிகமானதுதான். மார்ச் நடுவில் மொத்தத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். விடுதியில் இருக்கிற படுக்கைகளுக்கு மேல் ஆள் வந்துவிடுமா, கணினித் துறையில் கூட்டம் அதிகமாகிவிட்டதா, வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கிய நிதியுதவிப் பணம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து, ‘சேர்க்கலாம்’ என்றிருந்த சிலரைக் கீழே இறக்குவார்கள், சிலரை மேலே ஏற்றுவார்கள். நான் இருந்த இடத்தில் கடைசி வாரத்தில்கூடக் குறியீடுகள் மாறியதைப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை பிப்ரவரி 10-ஆம் தேதி தம்பியின் கோப்பை யாராவது திருட்டுத்தனமாகத் திறந்து காட்டினாலும், அங்கே இருப்பது மார்ச் 28-ஆம் தேதி முடிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது செக்லிஸ்டுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏராளமான கல்லூரிகள் ஸ்லேட் என்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகின்றன. போர்ட்டல் பக்கத்தில் எந்தப் பெட்டி யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அலுவலகத்தில் இருப்பவர்கள் சின்னச் சின்ன விதிகளாக எழுதி வைப்போம். ஒரு பிப்ரவரியில், அரையாண்டு மதிப்பெண் அறிக்கைக்காகப் புதிதாக ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. எங்கள் பிரிவில் ஒருவர் நிபந்தனையை மாற்றிப் போட்டுவிட்டார். யார் யாருடைய பள்ளி அறிக்கையை அனுப்பிவிட்டதோ, அவர்களுக்கு முழுச் செக்லிஸ்டும் மறைந்துவிட்டது. எங்களுக்கு அது தெரியவே தெரியாது. மத்தியானத்துக்குள் 40 மின்னஞ்சல்கள். அதில் ஒரு பெண் எழுதியிருந்தது இன்னும் நினைவிருக்கிறது: “என் பக்கம் காலியாகிவிட்டது. என்னைப் பற்றி முடிவெடுத்துவிட்டீர்களா? நல்லதா கெட்டதா என்று மட்டும் சொல்லுங்கள்.” நான் அவளுடைய கோப்பைத் தேடினேன். அதை யாரும் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. படிக்க வேண்டியவருடைய வரிசையில் காத்துக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் விதியைச் சரி செய்தோம், செக்லிஸ்ட் திரும்ப வந்தது. நடுவில் அந்த ஏழெட்டு மணி நேரம் அந்தப் பெண் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று யோசித்தேன். அந்தத் தவிப்புக்குக் காரணம் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தவறாகத் தட்டிய ஒரு வரி.

இதைப் போலத்தான் மற்றதும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற வரி மாறுவது, பக்கத்தின் மேலே இருக்கும் படம் மாறுவது, புதிதாக ஒரு டேப் முளைப்பது, அது மறுபடி மறைவது எல்லாம் பெரும்பாலும் முடிவு வெளியாகும் நாளுக்கான ஏற்பாடுகள். அந்த வேலைகளை எல்லோருக்கும் சேர்த்துத்தான் செய்வோம். ஒருவருக்கு முன்னதாகத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் போவதற்கு, அவரவர் உலாவியில் சேமித்திருந்த பழைய பக்கம்கூடக் காரணமாக இருக்கும்.

அப்படியானால் உண்மையான கசிவே கிடையாதா என்று கேட்டால், உண்டு. சில பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் அட்மிஷன், விடுதி, கட்டணம், மாணவர் மின்னஞ்சல் எல்லாம் தனித்தனிக் கணினி அமைப்புகள். ராத்திரியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும். முடிவு உறுதியானதும் விடுதி விண்ணப்பமோ கட்டணப் பக்கமோ திறந்துகொள்ள, கடிதம் மறுநாள் வருவதுண்டு. அதனால்தான் இந்த ஜோசியம் சாகாமல் இருக்கிறது, எப்போதாவது பலித்துவிடுகிறது. ஆனால் அதே விடுதிப் பக்கம் வேறு பல கல்லூரிகளில் விண்ணப்பித்ததுமே கொடுக்கிற மாணவர் எண் இருக்கிற எல்லோருக்கும் திறக்கும். எது எந்த ரகம் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சரியாகவே கண்டுபிடித்தாலும் மிஞ்சிப்போனால் ஒரு நாள், இரண்டு நாள் முன்னதாகத் தெரியும். அதற்காக ஆறு வாரத் தூக்கத்தை இழப்பது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

அடையாளம் என்ன, கடிதத்தையே கண்ணால் பார்த்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் வாசர் கல்லூரியில், முன்கூட்டிய சேர்க்கையின் இரண்டாவது சுற்றுக்கு முடிவு வெளியாக வேண்டிய நாள். கணினியில் சோதனைக்காக ஒரு சேர்க்கைக் கடிதத்தை வைத்திருந்தார்கள். உண்மையான முடிவுகளை அதனிடத்தில் போடுவதற்குள் மாணவர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். 122 பேர் ‘உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்’ என்ற கடிதத்தைப் பார்த்தார்கள். அவர்களில் 46 பேருக்குத்தான் உண்மையில் இடம். மீதி 76 பேர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தவறு என்று தெரிந்துகொண்டார்கள். சோதனைக் கடிதம் வைப்பது எல்லா அலுவலகங்களிலும் நடக்கிற வேலை. நாங்களும் வைத்திருக்கிறோம். அதனால் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

2009-ல் சான் டியாகோவில் இருக்கும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், தான் நிராகரித்திருந்த சுமார் 28,000 பேருக்கு வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. 2014 டிசம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 294 பேருக்கும், 2015 பிப்ரவரியில் கார்னகி மெலன் கணினி முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்த சுமார் 800 பேருக்கும் இதே மாதிரி தவறாக வாழ்த்துச் சொன்னார்கள். இன்னொன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில், 2014 பிப்ரவரியில். நிதியுதவி பற்றி விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பிய ஒரு சாதாரண மின்னஞ்சலின் அடியில், ‘நீங்கள் எம்ஐடியில் சேர்க்கப்பட்டிருப்பதால் இந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள்’ என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. வேறொரு பட்டியலுக்கு எழுதி வைத்த அடிக்குறிப்பு தெரியாமல் இதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிள்ளைகள் அந்தப் பொடி எழுத்தைக்கூட விடாமல் படித்திருக்கிறார்கள். எம்ஐடி வெளிப்படையாக விளக்கம் கொடுத்து மன்னிப்புக் கேட்டது. கல்லூரியே எழுதி அனுப்பிய வரி பொய்யாகும்போது, மறைந்துபோன ஒரு பெட்டியை நம்பி என்ன செய்வது?

ஃபார்ம் 16 விஷயம் வேறு. அதைக் கவனமாகப் படியுங்கள். வெளிநாட்டு மாணவர்களிடமும் குடும்பத்தின் பண நிலையைப் பார்க்காமல் முடிவெடுக்கும் கல்லூரிகள் மிகக் குறைவு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மத், போடோயின் போன்றவை அந்த ரகம். மற்றப் பெரும்பாலான இடங்களில், நம் பையன் நிதியுதவி கேட்டிருந்தால், அவனைச் சேர்த்தால் கல்லூரிக்கு வருடத்துக்கு எவ்வளவு செலவாகும் என்ற தொகையும் முடிவெடுக்கும் மேசையில் இருக்கும். அந்தத் தொகையைப் போடுவதற்குத்தான் சம்பளச் சான்றும் வருமான வரிக் கணக்கும் கேட்கிறார்கள். அதாவது அது முடிவுக்கு முன்னால் நடக்கிற வேலை. பணம் பார்க்காத கல்லூரிகளிலும், சேர்க்கைக் கடிதம் போகிற அன்றே உதவித்தொகைக் கடிதமும் போக வேண்டும் என்பதற்காக எல்லோருடைய ஆவணங்களையும் முன்பே சரிபார்த்து வைப்பார்கள். ஒருவரிடம் கேட்டு இன்னொருவரிடம் கேட்காமல் இருந்தால், அந்த இன்னொருவர் ஏற்கெனவே அதை அனுப்பியிருப்பார், அவ்வளவுதான். கேட்ட காகிதம் போகாவிட்டால் கோப்பு ‘முழுமையாகவில்லை’ என்று நின்றுவிடும். தம்பி போர்ட்டலில் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறது என்றால் இந்த ஒரு வரிதான்.

சரி, கல்லூரியே முன்கூட்டி நல்ல சேதி சொல்வது உண்டா? உண்டு. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட, ஐவி லீக் என்ற குழுவில் இருக்கும் எட்டுக் கல்லூரிகளும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதன்படி முடிவு நாளுக்கு முன்பே சிலருக்கு, ‘உங்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பு மிக அதிகம்’ என்று கடிதம் அனுப்பலாம். பெயருக்குத்தான் ‘வாய்ப்பு’. படிப்பில் சறுக்காமலும் ஒழுங்கீனம் எதுவும் இல்லாமலும் இருந்தால், அது சேர்க்கைக் கடிதத்துக்குச் சமம். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு இது அக்டோபரிலிருந்தே போகும். படிப்பில் மிகவும் தனித்துத் தெரியும் கொஞ்சப் பேருக்கு பிப்ரவரி, மார்ச்சில் போகும். சேர்க்கப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கடிதம் வராது. வராததை வைத்து வருத்தப்பட ஒன்றுமே இல்லை. வேறு சில கல்லூரிகள் முழு உதவித்தொகைக்கான நேர்காணலுக்கு முன்பே கூப்பிடும், அதுவும் நல்ல சேதிதான். ஆனால் முன்னாள் மாணவர் ஒருவர் வந்து பேசுகிற சாதாரண நேர்காணலை இதோடு சேர்க்காதீர்கள். அந்த ஊரில் நேரம் இருக்கிற முன்னாள் மாணவர் கிடைத்தால் நேர்காணல் நடக்கும், கிடைக்காவிட்டால் நடக்காது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. கல்லூரி உங்கள் பெயர் போட்டு உங்களுக்கு எழுதும். நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

தேடிக் கண்டுபிடிக்கப் போய் மாட்டிக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. தம்பி கட்டாயம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005 மார்ச் தொடக்கத்தில் நடந்தது. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் உட்படப் பல எம்பிஏ கல்லூரிகள் ‘அப்ளை யுவர்செல்ஃப்’ என்ற ஒரே நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தின. உள்ளே நுழைந்தபின் இணைய முகவரியில் ஓர் இடத்தில் தன் விண்ணப்ப எண்ணைச் சேர்த்தால் முடிவுப் பக்கம் திறக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்து, வழிமுறையை எழுதிப் போட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ‘ப்ரூக்பாண்ட்’. நம் வீட்டு டீத்தூள் டப்பாவில் பார்த்த பெயர் என்பதாலோ என்னவோ எனக்கு அது மறக்கவே இல்லை. சில மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முயன்றுவிட்டார்கள். அவர்களில் நிறையப் பேர் பார்த்தது வெற்றுப் பக்கம்தான், ஏனென்றால் முடிவு இன்னும் பதிவாகவே இல்லை. ஆனால் யார் யார் முயன்றார்கள் என்பது அப்படியே பதிவாகியிருந்தது. ஹார்வர்ட் 119 பேரையும் நிராகரித்தது. எம்ஐடியின் மேலாண்மைக் கல்லூரியான ஸ்லோன் 32 பேரை நிராகரித்தது. டார்ட்மத்தின் மேலாண்மைக் கல்லூரியான டக் மொத்தமாகத் தள்ளாமல் ஒவ்வொருவராகப் பார்த்து முடிவெடுத்தது. தன் சொந்த முடிவைத்தானே பார்த்தேன், இதில் என்ன குற்றம் என்று அப்போதே நிறையப் பேர் வாதாடினார்கள். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கதவைத் திறந்து போட்டது அந்த நிறுவனம்தான். ஆனாலும் இழந்தது பிள்ளைகள்தான்.

அதனால் தம்பியிடம் சொல்லுங்கள். தன் பெயரும் கடவுச்சொல்லும் போட்டு, கல்லூரி காட்டுகிற பக்கத்தைப் பார்ப்பது ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாளைக்கு நூறு முறை திறந்தாலும் அதற்காக யாரும் அவனைக் குறைத்து எடைபோடப் போவதில்லை. இணைய முகவரியை மாற்றிப் போட்டுப் பார்ப்பது, பிறர் எழுதிக் கொடுக்கும் நிரல் துண்டை ஒட்டிப் பார்ப்பது, நண்பனின் கணக்கில் நுழைவது, இவை வேண்டவே வேண்டாம்.

எனக்கு இதில் அதிகம் வலிப்பது வேறொன்று. எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, மிக நன்றாகப் படிப்பவள். அவளுக்குப் பிடித்த கல்லூரியின் விடுதிப் பக்கம் பிப்ரவரியில் திறந்துகொண்டது. இடம் கிடைத்துவிட்டது என்று உறுதியாக நம்பிவிட்டாள். அறைத் தோழிக்குக் கேள்விப் பட்டியல்கூடத் தயார் செய்தாள். அதே வாரம் வேறு இரண்டு கல்லூரிகள் கூடுதல் நிதி ஆவணம் கேட்டு எழுதியிருந்தன. இனி எதற்கு என்று விட்டுவிட்டாள். மார்ச் கடைசியில் பிடித்த கல்லூரி அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. மற்ற இரண்டில் ஒன்று சேர்க்கை கொடுத்தது, உதவித்தொகை இல்லாமல். கோப்பு முழுமையாகவில்லை என்றார்கள். அந்த விடுதிப் பக்கம் மாணவர் எண் இருந்த எல்லோருக்கும் திறந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கெட்ட சகுனம் என்று நினைத்துப் படிப்பை விட்டவர்களும் உண்டு. அரையாண்டு மதிப்பெண்களைப் பள்ளி அனுப்ப வேண்டும், மே மாதம் வரும் போர்டு தேர்வு முடிவையும் கல்லூரி கேட்கும். மதிப்பெண் பாதாளத்தில் விழுந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அதனால் இந்த ஆறு வாரத்தில் தம்பியின் கையில் உண்மையிலேயே இருக்கிற விஷயம் போர்டு தேர்வுதான். ராத்திரி 2 மணி வரை விழித்திருப்பது நேராக அதைத்தான் கெடுக்கும்.

தேதிகளைத் தாளில் எழுதி அவன் மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். எம்ஐடி மார்ச் 14 அன்று, பை தினத்தில் வெளியிடும். 2012-லிருந்து நேரமும் பெரும்பாலும் மாலை 6:28 என்று வைத்திருக்கிறார்கள். பையின் இரு மடங்கு 6.28. நமக்கு அது மார்ச் 15 அதிகாலை 3:58. ஐவி லீக் கல்லூரிகள் மார்ச் கடைசியில் ஒரே நாளில் வெளியிடும், சமீப வருடங்களில் கிழக்கு அமெரிக்க நேரம் மாலை 7 மணிக்கு. நமக்கு மறுநாள் விடிகாலை 4:30. சரியான தேதியைக் கல்லூரியே ஒன்றிரண்டு வாரம் முன்பு மின்னஞ்சலில் சொல்லும், ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். முந்தின நாளே எல்லாக் கடவுச்சொல்லும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். முதல் சில நிமிடங்கள் தளம் திணறும். அவன் தனியாகத் திறக்க விரும்பினால் அறைக்கு வெளியே இருங்கள். சொந்தக்காரர்களுக்குத் தேதியைச் சொல்லாதீர்கள்.

அவனுடைய அப்பா போன் போடுவது பற்றி. வேண்டாம். நான் இருந்த இடத்தில் போன் எடுப்பவர் பெரும்பாலும் பகுதிநேரமாக வேலை செய்யும் மாணவர். அவருக்கு முடிவு தெரியாது. தெரிந்தவர்களும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு அழைப்பும் மாணவனின் கோப்பில் ஒரு வரியாக ஏறும். அதனால் யாருக்கும் இடம் போனதில்லை, கிடைத்ததும் இல்லை. ஆனால் மறைந்துபோன செக்லிஸ்ட் இன்னும் திரும்பவில்லை என்றால், கேட்பது நியாயம்தான். அப்பா கேட்க வேண்டாம், தம்பியே தன் பெயரில், விண்ணப்ப எண்ணோடு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதட்டும்: “என் செக்லிஸ்ட் தெரியவில்லை. என் கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று மட்டும் தெரிவிக்க முடியுமா?” அதற்குப் பதில் வரும். நானே அப்படி நூற்றுக்கணக்கான பதில்கள் எழுதியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த ஃபார்ம் 16. கல்லூரி கொடுத்த கெடு தேதியைப் பாருங்கள். எல்லாப் பக்கங்களும் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்து, எந்தத் தளத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்களோ அங்கேயே ஏற்றுங்கள். ஏற்றியபின் ‘பெறப்பட்டது’ என்று மாற இரண்டு மூன்று வேலை நாட்கள் ஆகலாம். அதுவரை பயப்பட வேண்டாம்.